தப்பு விடையைப் போட்டுப் பாருங்கள்

குழந்தைகளுக்கான கல்விச் செயலியை யார் காட்ட வந்தாலும் சரியான விடையை அழுத்தித்தான் காட்டுகிறார்கள். அழுத்தியதும் நட்சத்திரம் விழுகிறது, பட்டாசு வெடிக்கிறது, ஒரு யானை கைதட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கும் பிடித்துப்போகிறது. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் மகன் ஒரு வருடச் சந்தாவைக் கட்டி, டேப் ஒன்றையும் வாங்கி ஊருக்கு அனுப்புகிறார். இங்கே காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து பேரன் அழுத்துகிறான், அப்பத்தா பக்கத்தில் இருந்து பார்க்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “தினமும் பார்க்கிறான், ஆனா கணக்குல மார்க் ஏறலையே, ஏன்?”

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. திரையே ஆகாது, பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று. இன்னும் விலை கூடின செயலியாக வாங்குங்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. கல்வி மென்பொருளால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் அந்தப் பயன் வீடியோவில் இல்லை, படத்தில் இல்லை, நட்சத்திரத்திலும் இல்லை. பிள்ளை ஒரு விடையைத் தப்பாகப் போட்டதற்கும் அடுத்த கேள்வி திரையில் வருவதற்கும் நடுவில் உள்ள சில விநாடிகளில் இருக்கிறது. அந்தச் சில விநாடிகளில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அது கல்விச் செயலியா, பொழுதுபோக்கா என்று சொல்ல முடியும்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும், ஒரு பிள்ளை இன்று போட்ட தப்பு நாளைக்கு நோட்டு திரும்பி வரும்போதுதான் தெரிகிறது. அதற்குள் அதே தப்பை இன்னும் பத்துக் கணக்கில் போட்டுப் பழகியாயிற்று. மென்பொருளுக்கு அந்த இடைவெளி கிடையாது. நாற்பது பேருக்கும் நாற்பது விதமாக, அந்த நொடியே திருத்தம் சொல்ல அதனால் முடியும். முடியும் என்பதுதான் விஷயம். பெரும்பாலான செயலிகள் செய்வதில்லை.

52 − 27

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்க வேண்டும். விடை 25. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் தப்பாகப் போடுகிறவர்களின் விடைகள் கண்டபடி சிதறுவதில்லை. சில குறிப்பிட்ட எண்களே திரும்பத் திரும்ப வரும். 79 என்று போட்ட பிள்ளை கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறது. அதற்குக் கணக்கு தெரியாமல் இல்லை, அவசரம். 24 அல்லது 26 என்று போட்ட பிள்ளை விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறியிருக்கிறது. வழி சரி, எண்ணிக்கை பிசகியது. மூன்றாவதாக 35 என்று ஒரு விடை வரும். இதுதான் கவனிக்க வேண்டிய விடை.

35 இரண்டு வழியாக வரலாம். ஒரு பிள்ளை ஒன்றாம் இடத்தில் இரண்டையும் ஏழையும் பார்க்கிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது. சரி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவோம் என்று ஐந்து போடுகிறது. பத்தாம் இடத்தில் ஐந்தில் இரண்டு போக மூன்று. மொத்தம் 35. இன்னொரு பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பக்கத்தில் ஒன்று கடன் வாங்கிப் பன்னிரண்டாக்கி, ஏழு போக ஐந்து என்று ஒழுங்காகவே போடுகிறது. ஆனால் கடன் கொடுத்த ஐந்தை அடித்து நான்காக்க மறந்துவிடுகிறது. ஐந்தில் இரண்டு போக மூன்று. அதற்கும் 35.

விடை ஒன்றுதான், நோய் வேறு. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பது அதன் கையில் ஏறவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு அது ஏறிவிட்டது. அடித்து எழுதும் பழக்கம் மட்டும்தான் வேண்டும். முதல் பிள்ளைக்கு “அடித்து எழுது” என்று சொல்லிப் பயனில்லை. இரண்டாவது பிள்ளையைத் திரும்பவும் குச்சி எண்ண வைத்தால் சலித்துப்போய் டேப்பை மூடிவிடும்.

இந்த இருவரையும் பிரித்தறிய ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? “எப்படிப் போட்டே?” என்று கேட்பார். மென்பொருளால் அப்படிக் கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்வது சிரமம். ஆனால் அதற்கு வேறொரு வழி இருக்கிறது: அடுத்த கணக்கைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. 84 − 36 கொடுங்கள். பெரியதில் சிறியதைக் கழிக்கும் பிள்ளை ஆறில் நான்கு போக இரண்டு, எட்டில் மூன்று போக ஐந்து என்று 52 போடும். கடன் வாங்கி அடிக்க மறக்கும் பிள்ளை பதினான்கில் ஆறு போக எட்டு, எட்டில் மூன்று போக ஐந்து என்று 58 போடும். சரியான விடை 48. ஒரே கேள்வியில் இருவரும் தனித்தனியாக நின்றுவிட்டார்கள். மாறாக 63 − 18, 71 − 46, 90 − 35 என்று கொடுத்துக்கொண்டே போனால் எத்தனை கணக்கு கொடுத்தாலும் தெரியவே தெரியாது. ஏனென்றால் ஒன்றாம் இடத்து எண்களுக்குள் ஐந்து வித்தியாசம் இருக்கும் கணக்குகளில் இந்த இரண்டு தப்பும் ஒரே விடையைத் தரும். கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிவிடும் செயலிக்கு இது தெரியாது. கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்த செயலியில்தான் இது இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1978-லேயே அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை இப்படி வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் ஒரு ஒழுங்கான, ஆனால் தவறான வழிமுறை இருக்கிறது என்று கணினியை வைத்துக் காட்டினார்கள். பிள்ளை கவனக்குறைவாகப் போடவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு விதியை மிகவும் கவனமாகவே பின்பற்றுகிறது, அந்த விதிதான் தப்பு. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பெரியவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தசமத்திலும் இதே கதை. 0.45, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால், 45 பெரிய எண் என்று முதலாவதைத் தொடும் பிள்ளை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த தப்பு இது. புள்ளிக்குப் பின் இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளை 0.5-ஐத் தொடும், செயலி பச்சை காட்டும், நட்சத்திரம் விழும். தப்பான யோசனைக்குச் சரியான விடை. 0.3, 0.45 என்று அடுத்த ஜோடியைக் கொடுத்தால்தான் அது வெளியே வரும்.

வாங்கும் முன் இருபது நிமிடம்

ஆகவே ஒரு செயலியைச் சோதிக்க நினைப்பவர்கள் இலவச நாட்களில் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்பு தாங்களே உட்கார்ந்து இருபது நிமிடம் தப்பு விடையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பொய்ப் பெயரில், மூன்றாம் வகுப்பு என்று பதிந்து, ஒரு பயனர் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். கழித்தலுக்குப் போய், பெரியதில் சிறியதைக் கழிக்கும் பிள்ளையாகவே நடித்து ஐந்து கணக்கு போடுங்கள். “தவறு, மீண்டும் முயற்சி செய்” என்று மட்டும் சொன்னால் அது வெறும் பரீட்சைத் தாள். சரியான விடையைக் காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினால் விடைத்தாள். “ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கு” என்று கட்டைப் பிரிக்க வைத்து, அதையும் பிள்ளையின் விரலாலேயே இழுக்க வைத்து, பிறகு அதே மாதிரி இன்னொன்று கொடுத்தால் மேற்கொண்டு சோதியுங்கள். ஐந்தும் தப்பான பிறகும் ஆறாவது கேள்வி அதே கடினத்தோடு வந்தால், அந்தச் செயலி விளம்பரத்தில் என்ன சொன்னாலும், அது உங்கள் பிள்ளைக்குத் தக்கபடி மாறிக்கொள்ளவில்லை.

பிறகு குறிப்புப் பொத்தானை விடாமல் அழுத்துங்கள். பல செயலிகளில் மூன்றாவது, நான்காவது குறிப்பில் விடையே வந்துவிடும். பிள்ளைகள் இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் கேள்வியைப் படிப்பதே இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்வி மட்டுமே உள்ள செயலியில் கண்ணை மூடித் தொட்டாலே நான்கில் ஒன்று சரியாகும். பெற்றோர் பார்க்கும் அறிக்கைப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு எத்தனை விநாடி ஆனது என்று காட்டினால் அதை அவசியம் பாருங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குக்கு மூன்று விநாடியில் விடை வந்திருந்தால் அது கணக்குப் போட்ட விடை அல்ல. விடையைத் தானே எழுத வைக்கும் கேள்விகள் பாதிக்கு மேல் இருக்கும் செயலியையே நான் மதிப்பேன்.

காசு, வைரம், மகுடம் என்று பரிசு கொடுக்கும் செயலிகளில் இன்னொன்றையும் பாருங்கள். பழைய, எளிதான நிலைக்குத் திரும்பிப் போய் அதே கணக்கைப் போட்டாலும் காசு சேருகிறதா? சேர்ந்தால், இரண்டு வாரத்தில் பிள்ளை கூட்டல் கணக்கையே நூறு தடவை போட்டு மகுடம் வாங்கியிருக்கும், கழித்தல் பக்கம் போயிருக்காது.

தமிழில் வருகிற தனி வம்பு

மொழிப் பயிற்சிச் செயலிகளில் பிள்ளை சரியாக எழுதியும் தப்பு என்று வருவதுண்டு. கணக்குத் தப்பைவிட இது மோசம். பிள்ளை தன் கண்ணை நம்பாமல் போய்விடும். காரணம் பெரும்பாலும் எழுத்து சேமிக்கப்படும் விதம். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கோ, கௌ இரண்டுக்கும் இதே நிலைதான். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும். யூனிகோடே அதற்கு வழி சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்ட செயலியில், ஒரு கீபோர்டில் அடித்த ‘கொக்கு’ சரி, இன்னொரு கீபோர்டில் அடித்த ‘கொக்கு’ தப்பு.

ஔகாரம் வேறு மாதிரி. ‘மௌனம்’ என்பதில் கடைசியில் நிற்கும் குறி பார்வைக்கு ளகரம் மாதிரியே இருப்பதால், பிள்ளைகள் ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தை அடித்துவிடுவார்கள். ‘ஔவையார்’ எழுதும்போது ஒகரமும் ளகரமும் சேர்த்து அடிப்பதும் இப்படித்தான். இது உண்மையிலேயே வேறு எழுத்து. முன்பு சொன்ன ஒரு வரி நிரல் இதைச் சரிசெய்யாது. தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த செயலி, இந்த இடத்தில் வெறுமனே சிவப்பு காட்டாமல், கீபோர்டில் எந்த விசை என்று காட்ட வேண்டும். மூன்றாவது வம்பு இடைவெளி. போன் கீபோர்டு மேலே காட்டும் சொல்லைத் தொட்டால் சொல்லின் பின்னால் தானாகவே ஒரு இடைவெளி விழும். அதை வெட்டிவிடாத செயலி, சரியான சொல்லைத் தப்பு என்று சொல்லும். கொக்கு, கோழி, மௌனம், ஔவையார் இந்த நான்கு சொற்களையும் ஒருமுறை விசை விசையாக அடித்தும், ஒருமுறை மேலே வரும் சொல்லைத் தொட்டும் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, கேட்டுத் திருத்தும் செயலிகளும் வந்துவிட்டன. கூகுள் 2019-ல் இந்தியாவில் முதலில் வெளியிட்ட வாசிப்புச் செயலி பிற்பாடு தமிழுக்கும் வந்தது. தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளைக்கு, வகுப்பில் மற்றவர் சிரிப்பார்களே என்ற கூச்சம் இல்லாமல் சத்தமாக வாசிக்க ஓர் இடம் கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் நம் பக்கம் ‘வாழைப்பழம்’ பல வாய்களில் ளகரமாகத்தான் வரும். செயலி அந்தச் சொல்லைச் சிவப்பாக்கினால், அங்கேயே மல்லுக்கட்டிப் பிள்ளையை நோகடிக்க வேண்டாம். வாசிப்பு ஓடட்டும், ழகரத்தைப் பிறகு வீட்டில் பெரியவர் வாயைப் பார்த்துப் பழகட்டும். வாசிக்கக் கதை வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாகவே இருக்கின்றன, இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் பார்த்த கணக்கு

மென்பொருளால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா என்பதை நம் நாட்டிலேயே ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர் என்று உட்காரவைத்துக் கணக்கு விளையாட்டுகள் கொடுத்தார்கள். கணக்கு மதிப்பெண் தெளிவாக ஏறியது. 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: திட்டம் நின்று ஒரு வருடமானபின் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்கச் செயலியைத் திணித்துவிட்டு ஜூனில் மறந்துவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குஜராத்திலேயே ஞானசாலா என்ற அமைப்பின் வகுப்புகளில் நடந்த சோதனைதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. ஒரு முறை பள்ளி நேரத்தில் ஆசிரியர் பாடத்துக்குப் பதிலாக மென்பொருளை வைத்தார்கள். பிள்ளைகள் மென்பொருள் இல்லாதவர்களைவிடப் பின்தங்கினார்கள். இன்னொரு முறை பாடம் பாடமாகவே நடக்க, அதற்கு மேல் பள்ளி நேரத்துக்கு வெளியே அதை வைத்தார்கள். முன்னேறினார்கள். மென்பொருள் மோசமும் இல்லை, மந்திரமும் இல்லை. எதை எடுத்துவிட்டு அதை வைக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. நம் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு டேப் எதன் இடத்தில் வந்து உட்காருகிறது என்று பாருங்கள். டிவியின் இடத்தில் என்றால் லாபம். ஐயா (தாத்தா) பக்கத்தில் உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்கும் நேரத்தின் இடத்தில் என்றால் நஷ்டம்.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் உண்மையான கணக்கு அறிவு சராசரியாக இரண்டரை வகுப்பு கீழே இருந்தது. மென்பொருள் அவரவர் வகுப்புப் பாடத்தைக் கொடுக்காமல் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. ஒரு அமர்வு 90 நிமிடம், பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஓர் ஆசிரியரோடு. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆனால் பள்ளிப் பரீட்சையில் கணக்கு மதிப்பெண் குறிப்பிடும்படி ஏறவில்லை. மேலே கேட்ட கேள்விக்கு, “மார்க் ஏறலையே” என்பதற்கு, இங்கேதான் பதில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறின பிள்ளையை ஏழாம் வகுப்பு வினாத்தாள் எப்படிக் காட்டும்? பிள்ளை முன்னேறிக்கொண்டிருக்கும்போதே மார்க்கைப் பார்த்துச் சந்தாவை நிறுத்திவிடுகிறோம்.

நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்ததற்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, செயலியையும் அந்த நிலையிலேயே தொடங்குங்கள். வகுப்பு எண்ணைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். கௌரவம் பார்த்து ஐந்தாம் வகுப்பு என்று பதிந்துவிட்டால் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே சிவப்புதான் தெரியும்.

கருவியை மட்டும் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மாற்றம் தெரியவில்லை.

வளவுக்குள் வைஃபை

செட்டிநாட்டு வீட்டில் இந்த விஷயம் பெரும்பாலும் முகப்பிலேயே தடுக்கி விழுகிறது. இணைப்புக்காரர் ரௌட்டரை முகப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கனமான சுண்ணாம்புச் சுவரையும் தேக்குக் கதவையும் தாண்டி இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சிக்னல் வராது. கேள்வி பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளை யூடியூப்புக்குப் போய்விடும். ரௌட்டரை முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்துக்கு மாற்றினால் திறந்த வெளி வழியாக நாலு பக்கமும் போகும். சாரல் படாத உயரத்தில் வையுங்கள். முகப்பிலிருந்து அங்கே வரை லேன் கேபிள் இழுக்கும்போது, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய பழைய பூச்சில் டிரில் போட விடாதீர்கள். அந்தப் பூச்சை இன்று திரும்பச் செய்ய ஆளும் கிடைக்காது, செலவும் தாங்காது. மர உத்தரத்தின் ஓரமாகவே கொண்டுபோகலாம். ரௌட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அணைக்கப்படாமல் இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

இணையமே இல்லாமலும் நிறையச் செய்யலாம். ஜிகாம்ப்ரி என்ற இலவச மென்பொருள் 2000-லிருந்து வருகிறது, பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள், விளம்பரம் கிடையாது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஏற்றினாலும் ஓடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002-லிருந்து செய்துவரும் ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளை ஒவ்வொன்றாக ஒரே கோப்பாக இறக்கிக்கொண்டு பிரௌசரில் திறக்கலாம். பின்னம் கட்டுவதும் மின்சுற்று அமைப்பதும் தப்பாகச் செய்து பார்க்கவே உண்டானவை. மின்கலத்தை நேரடியாகக் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், வீட்டில் எதுவும் ஆகாது. டியூஷன் சென்டர் அல்லது பள்ளி என்றால் கோலிப்ரி என்ற மென்பொருள். ஒரு லேப்டாப்பில் பாடங்களை ஏற்றிவிட்டால், அந்த அறைக்குள் உள்ள போன்களும் டேப்களும் வைஃபை வழியாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெளி இணைப்பு வேண்டாம்.

பக்கத்தில் உட்காருகிறவர்

செயலிக்குள் நுழையும் கணக்கு ஆளுக்கொன்று வேண்டும். அண்ணனும் தங்கையும் ஒரே பெயரில் நுழைந்தால், மென்பொருள் இருவரையும் சேர்த்து ஒரு பிள்ளையாக நினைத்து யாருக்கும் பொருந்தாத நிலையில் நிற்கும். பேரன் முழிக்கிறானே என்று பாசத்தில் அப்பத்தா விடையைச் சொன்னாலும் அதே விளைவுதான். அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும், மறுநாள் தனியாக உட்காரும் பிள்ளை தடுமாறும். விடை சொல்வதற்குப் பதில் “எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு” என்று கேட்டால் போதும். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், டேப்பை இயக்கவும் தெரிய வேண்டாம். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் (தொழில் செய்யப்) போன குடும்பங்களில் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் பையனாகச் சேர்ந்த சிறுவன் கணக்குப் பழகியது இப்படித்தான். மேலாள் பக்கத்திலேயே இருப்பார், இருப்பு ஒத்துவராவிட்டால் எந்த வரியில் பிசகியது என்று அன்றே தேட வேண்டும். தப்பு அன்றே, ஆள் பக்கத்திலிருக்கும்போதே பிடிபட்டது.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு நான்கு அல்லது ஐந்து நாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளம். நோட்டும் பென்சிலும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கணக்கை நோட்டில் போட்டுவிட்டு விடையைத் திரையில் அடிக்கட்டும். மனதுக்குள் போட்டு அடித்தால் எந்தப் படியில் தப்பியது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது. போனில் என்றால் அந்தச் செயலியை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் வசதி ஆண்ட்ராய்டு அமைப்புகளிலேயே உண்டு. அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். இருவர் ஒரு கணினி என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மௌஸ் கை மாற வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையே முழுவதும் அழுத்தும்.

மூன்று வாரமாகியும் ஒரே நிலையில் நின்று, அறிக்கையில் அதே மாதிரித் தப்பே திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நூறு கணக்கு போட வைப்பதில் அர்த்தமில்லை. நோட்டில் தப்பு விழுந்த பக்கத்தை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். வெறும் மார்க்கைவிட அந்தப் பக்கம் அவருக்கு அதிகம் சொல்லும். வீட்டில் தென்னை ஈர்க்குச்சி ஐம்பத்திரண்டை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும், தனியாக இரண்டு குச்சியும் வையுங்கள். இருபத்தேழு எடுத்துக் கொடு என்று கேளுங்கள். இரண்டு கட்டை எடுத்துத் தந்துவிட்டு, ஏழுக்கு இரண்டு குச்சிதான் இருக்கிறதே என்று பிள்ளை திகைக்கும். அப்போது நீங்கள் ரப்பர் பேண்டைக் கழற்றக் கூடாது, பிள்ளையே கழற்ற வேண்டும். வேறு வேறு எண்களோடு நாலைந்து நாள் இப்படிச் செய்து, கேட்காமலே கட்டைப் பிரிக்கும் நிலை வந்தபின் செயலியைத் திறந்து 84 − 36-ஐப் போடச் சொல்லுங்கள்.